வாய் திறக்க ஓர் இடம்: புதுச்சேரியின் மனநலமும் தொண்டு அமைப்புகளின் தேவையும்

1963ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி புதுச்சேரியில் ஒரு புதிய குற்றம் நடைமுறைக்கு வந்தது. வாழ்க்கை வெறுத்து உயிரை விட முயன்று பிழைத்துக்கொண்டவர் அன்றுமுதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை பெறக்கூடிய குற்றவாளி ஆனார். அதற்கு முந்தைய நாள்வரை இந்த ஊரில் அது குற்றமில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1791இல் எழுதப்பட்ட தண்டனைச் சட்டம் தற்கொலையைக் குற்றங்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. 1810இல் நெப்போலியன் காலத்தில் வந்த சட்டமும் அதைத் திரும்பச் சேர்க்கவில்லை. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி அந்தச் சட்ட மரபிலேயே வளர்ந்தது. முத்தியால்பேட்டையைத் தாண்டிக் கோட்டக்குப்பத்தில் கால் வைத்தால் பிரிட்டிஷ் இந்தியா. அங்கே 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 309ஆம் பிரிவு. இந்தப் பக்கம் மருத்துவரிடம் போக வேண்டிய மனிதர், அந்தப் பக்கம் காவல் நிலையத்துக்கும் போக வேண்டியிருந்தது.

அந்தப் பிரிவுக்குத் தாய்வீடான இங்கிலாந்து 1961ஆம் ஆண்டிலேயே தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதுவதைக் கைவிட்டது. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. அடுத்த ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கே விரிவாக்கப்பட்டபோது, பிறந்த நாட்டிலேயே கைவிடப்பட்ட ஒரு பிரிவும் சேர்ந்து வந்தது. விடுதலையின் பெருமிதத்துக்கு நடுவே இதை யாரும் பெரிதாகக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. விளைவு மட்டும் வீடுகளுக்குள் தங்கிவிட்டது.

அந்த விளைவைத் தமிழ் நாளிதழ் வாசிக்கும் எவரும் பார்த்திருப்பார்கள். 'தீராத வயிற்றுவலி' என்ற இரண்டு சொற்கள். தற்கொலைச் செய்திகளில் காரணமாக அவை திரும்பத் திரும்ப வரும். உண்மையிலேயே வயிற்றுவலியால் துடித்தவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் மனச்சோர்வு, குடி, கடன், கணவனின் அடி, காதல் முறிவு, தேர்வுத் தோல்வி என எத்தனையோ துயரங்கள் அந்த வயிற்றுவலிக்குள் ஒளித்துவைக்கப்பட்டன. பிழைத்தவர்களின் கதையிலும் இதே மறைப்புதான். மருத்துவமனை வாசலில் குடும்பத்தார் 'தெரியாம குடிச்சிட்டா' என்பார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்ற பயம் ஒரு பக்கம், நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கம் இன்னொரு பக்கம். காரணம் மறைந்தால் சிகிச்சையும் மாறிப்போகும். வயிற்றைக் கழுவி அனுப்புவார்கள். மனத்தைக் கேட்க ஆள் இருக்காது.

2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் நிலையை மாற்றியது. ஆனால் ஐம்பத்து நான்கு ஆண்டுகள் முத்திரை குத்தப்பட்டிருந்த வெட்கத்தை அரசிதழ் அறிவிப்பால் ஒரே நாளில் துடைத்துவிட முடியாது. அந்த வேலையை மனிதர்கள்தான் மனிதர்களிடம் செய்ய வேண்டும். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் அதைப் பெரும்பாலும் செய்துவருபவை சிறிய தொண்டு அமைப்புகள். அவற்றை நாம் எப்படித் தாங்குகிறோம், எப்படித் தாங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

எண்கள் சொல்வது

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2015இல் புதுச்சேரியின் தற்கொலை விகிதம் ஒரு லட்சம் மக்களுக்கு 43.2. நாட்டிலேயே அதுதான் உச்சம். அதே ஆண்டு நாட்டின் சராசரி 10.6. 2021இல் புதுச்சேரி 31.8, நாடு 12. 2022இல் புதுச்சேரி 29.7, நாடு 12.4. விகிதம் இறங்கியிருக்கிறது, ஆனால் சிக்கிம், அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் நம் ஊர் நின்றது.

இந்த எண்களைக் கவனமாக வாசிக்க வேண்டும். புதுச்சேரி சிறிய ஒன்றியப் பகுதி, பெரும்பாலும் நகர்ப்புறம். இங்கே மரணங்கள் பதிவேட்டுக்கு வருவது எளிது. மறைப்பு அதிகமுள்ள மாநிலங்களின் எண் தாழ்வாகத் தெரிவதும் உண்டு. எனவே 'புதுச்சேரிக்காரர்கள் மனத்திடம் இல்லாதவர்கள்' என்று முடிவுகட்டுவது அறியாமை. அதே சமயம், பதிவு ஒழுங்காக நடக்கிறது என்பதைக் காரணமாகச் சொல்லி, தேசியச் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான ஒரு விகிதத்தைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. 2022இல் நாடு முழுவதும் பதிவான 1,70,924 தற்கொலைகளில் குடும்பச் சிக்கல் 31.7 விழுக்காட்டுக்கும் நோய் 18.4 விழுக்காட்டுக்கும் காரணமாகக் குறிக்கப்பட்டன. பாதி மரணங்கள் வீட்டுக்குள்ளும் உடம்புக்குள்ளும் இருந்த துயரத்தால் நிகழ்ந்தவை. யாரிடமாவது சொல்லியிருக்கக்கூடிய துயரம் அது.

சொல்லாமல் இருப்பதன் அளவையும் நாடு கணக்கெடுத்திருக்கிறது. பெங்களூருவின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயது வந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் சிகிச்சை கிடைக்காமல் இருந்தவர்கள் கோளாற்றைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரை. மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம். ஆனால் புதுச்சேரியைப் பொறுத்தவரை அந்தக் காரணம் முழுமையாக ஒட்டாது. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசான ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. மனநலப் பிரிவு அதற்குள்ளேயே இயங்குகிறது. விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பேருந்து ஏறி வருகிறார்கள். மருத்துவம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் கதவைத் தட்டத் தயங்குகிறோம் என்றால், தடையைக் கதவில் தேடிப் பயனில்லை.

களங்கம் குடியிருக்கும் இடம்

அமெரிக்கச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் களங்கம் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டது 1963இல். புதுச்சேரிக்குள் 309ஆம் பிரிவு நுழைந்த அதே ஆண்டு. ஒரு மனிதரின் ஏதோ ஒரு குணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, முழு மனிதரையும் அதற்குள் அடைத்துவிடுவதே களங்கம் என்று அவர் விளக்கினார். நம் பேச்சுமொழியில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 'மெண்டல்', 'லூசு', 'கிராக்கு' என்ற சொற்கள் பள்ளி மைதானத்திலேயே தொடங்கிவிடுகின்றன. 'கீழ்ப்பாக்கம்' என்பது சென்னையின் ஒரு குடியிருப்புப் பகுதி. அங்கே மனநல மருத்துவமனை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்த ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக மாற்றிவைத்திருக்கிறோம். திரைப்பட நகைச்சுவை அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

வசையைவிட ஆழமானது மறைப்பு. மனநல மருத்துவரை 'நரம்பு டாக்டர்' என்கிறோம். மாத்திரையை 'நரம்பு மாத்திரை' என்கிறோம். அட்டையிலிருந்து பிரித்துச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டுவைக்கும் வீடுகள் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக, வருகிறவர்கள் போகும்வரை மாத்திரையை நிறுத்திவைக்கும் வீடுகளும் உண்டு. நிறுத்தினால் நோய் திரும்பும் என்று தெரிந்தே நிறுத்துகிறார்கள். புதுச்சேரியில் 'ஜிப்மருக்குப் போறோம்' என்றால் யாரும் துருவிக் கேட்பதில்லை. இதயத்துக்கும் ஜிப்மர்தான், கண்ணுக்கும் ஜிப்மர்தான். பொது மருத்துவமனைக்குள் மனநலப் பிரிவு இருப்பதன் பெரிய நன்மை இது. கீழ்ப்பாக்கத்துக்குப் போகிறவருக்கு இந்தப் போர்வை கிடைப்பதில்லை.

மனச்சிதைவு ஆய்வுக்கென இயங்கும் சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பைச் சேர்ந்த மருத்துவர் ஆர். தாராவும் சக ஆய்வாளரும், மனச்சிதைவு நோயாளிகளைப் பராமரிக்கும் 159 உறவினர்களிடம் நடத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. அவர்களை மிகவும் வாட்டியவை திருமணம் பற்றிய கவலை, அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம், நோயை மறைக்க வேண்டிய கட்டாயம் ஆகியவை. 2014இல் வெளியான இன்னோர் ஆய்வு, தமிழ்நாடு உட்பட நாட்டின் மூன்று இடங்களில் மனச்சிதைவுடன் வாழும் 282 பேரிடம் பேசியது. பிறர் தம்மைப் பாகுபாட்டுடன் நடத்தியதாகச் சொன்னவர்கள் 42 விழுக்காடு. மற்றவர்களிடமிருந்து தாம் விலக்கப்பட்டதாக உள்ளுக்குள் உணர்ந்தவர்கள் 79 விழுக்காடு. இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரத்தைக் கவனியுங்கள். ஊர் சொல்வதற்கு முன்பே நோயாளி அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். 'நான் வேலைக்கு ஆகமாட்டேன், என்னைக் கட்டிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள், எதற்குக் கேட்டு அவமானப்பட வேண்டும்' என்று தானாகவே ஒதுங்கிவிடுகிறார். இந்த உள்காயத்துக்கு மாத்திரை கிடையாது.

சட்டம் தந்தது

2017இல் நிறைவேறிய மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்தியா எழுதிய நல்ல சட்டங்களில் ஒன்று. அதன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அதோடு நிற்கவில்லை. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் கடமையை அரசின் மீது வைக்கிறது. நோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைப்பதை 95ஆம் பிரிவு தடைசெய்கிறது. உடல்நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்பதும் இந்தச் சட்டத்தில் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவு இல்லை. பொது ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கில் தற்கொலைக்கு முயல்வது மட்டும் அதில் குற்றமாக வைக்கப்பட்டுள்ளது. 1963க்கு முன்பு புதுச்சேரி நின்ற இடத்துக்கு நாடு ஏறக்குறைய வந்து சேர்ந்துவிட்டது.

சட்டத்தின் எல்லையும் இங்கேயே தெரிகிறது. காவல்துறை கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்லும். மாமியார் கேட்கக் கூடாது என்று சொல்லாது. வேலையில் பாகுபாடு கூடாது என்று சொல்லும். மதிய உணவு நேரத்தில் பக்கத்தில் உட்கார வைக்காது. உரிமையைச் சட்டம் தரலாம். அந்த உரிமையைக் கேட்கும் துணிச்சலை ஒருவருக்கு யார் தருவது?

கேட்பதற்கென்று சிலர்

1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், சாகும் எண்ணத்தில் இருப்பவர்கள் தம்மை அழைக்கலாம் என்று அறிவித்தார். ஆலோசனை பெற வந்தவர்கள் கூட்டமாகக் காத்திருந்தபோது, தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணைக்கு இருக்கச் சில தன்னார்வலர்களை அமர்த்தினார். பலர் அந்தத் தன்னார்வலர்களிடம் மனம்விட்டுப் பேசியதிலேயே ஆறுதல் அடைந்து, பாதிரியாரைப் பார்க்காமலே வீடு திரும்பினார்கள். பயிற்சி பெற்ற சாதாரண மனிதரின் காதும் உயிர் காக்கும் என்ற இந்தக் கண்டுபிடிப்பில் பிறந்ததுதான் சமாரிட்டன்ஸ் இயக்கம். அந்த வழிமுறையைத் தமிழ்மண்ணுக்குக் கொண்டுவந்தவர் மருத்துவர் லட்சுமி விஜயகுமார். 1986இல் சென்னையில் அவர் நிறுவிய ஸ்நேகா இன்றும் தன்னார்வலர்களால் இயங்குகிறது. புதுச்சேரியில் அதே குடும்பத்தைச் சேர்ந்த அமைப்பு மைத்ரேயி.

கேட்பது எளிய வேலை என்று நினைப்பவர்கள் ஒரு மாலை மட்டும் முயன்று பார்க்கலாம். தொலைபேசி ஒலிக்கிறது. எடுத்தால் மறுமுனையில் மூச்சு மட்டும். வைத்துவிடக் கூடாது. 'இருக்கேன், மெதுவாச் சொல்லுங்க' என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து 'மனசு சரியில்ல' என்று ஒரு குரல். நம் நாக்கில் துள்ளி வரும் பதில்கள் எல்லாவற்றையும் விழுங்க வேண்டும். 'இதுக்கெல்லாமா?' கூடாது. 'உன்னவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர்' கூடாது. 'புள்ளைங்க மூஞ்சியப் பாரு' கூடாது. அறிவுரை சொல்லப்பட்டவர் வாயை மூடிக்கொள்வார். பிறகு, தயங்காமல் நேராகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'செத்துடலாம்னு தோணுதா?' இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சம் தவறு என்பதை ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன. கேட்டவுடன் பலர் அழுவார்கள். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த வேலையில் மொழியின் பங்கு பெரியது. 'மனநோய்' என்ற சொல் கதவைச் சாத்துகிறது. 'மனசு பாரமா இருக்கு', 'மனசு விட்டுப்போச்சு', 'நெஞ்சு அடைக்குது', 'ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கேன்' என்று சொல்ல நம்மிடம் எத்தனையோ வழிகள் இருக்கின்றன. துயரத்தைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை; கேட்க ஆளுக்குத்தான் பஞ்சம். தொண்டு அமைப்புகள் அந்த இடத்தில் நிற்கின்றன.

கேட்டதிலிருந்து கற்றதைப் பொதுக்கொள்கைக்கும் அவை கொண்டுபோயின. தேர்வில் தோற்ற மாணவர் ஓராண்டை இழக்காமல், சில வாரங்களில் துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் மேலே படிக்கும் ஏற்பாட்டுக்காக வாதாடியவர்களில் ஸ்நேகாவும் உண்டு. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்த புதுச்சேரி, காரைக்கால் மாணவர்களுக்கும் அதன் பலன் சேர்ந்தது. நம் பக்கத்து மாவட்டமான கடலூரின் காட்டுமன்னார்கோவில் பகுதியில் லட்சுமி விஜயகுமார் குழு இன்னொன்றைச் செய்தது. விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில், வங்கிப் பெட்டகம்போல் ஆளுக்கொரு பூட்டிய பெட்டியில் வைக்கும் ஏற்பாடு அது. அந்த ஊர்களில் பூச்சிமருந்து மரணங்கள் குறைந்ததை 2013இல் வெளியான அவர்களது ஆய்வு பதிவுசெய்தது. சண்டை மூண்ட அந்த அரைமணி நேரத்தில் மருந்து கைக்கெட்டாமல் இருந்தால் போதும்; கோபம் இறங்கும், யாராவது வந்து பேசுவார்கள், உயிர் தங்கும்.

பழக்கமே மருந்து

களங்கத்தைக் குறைக்க எது உண்மையிலேயே உதவுகிறது? சுவரொட்டியா, ஊர்வலமா, பிரபலங்களின் காணொளியா? லான்செட் மருத்துவ இதழ் அமைத்த சிறப்பு ஆணையம், உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் அறிக்கை வெளியிட்டது. மனநோயுடன் வாழ்பவரோடு மற்றவர்கள் சமநிலையில் பழகுவதே களங்கத்தைக் குறைக்கும் வலுவான வழி என்று அது முடிவுக்கு வந்தது. நோயைப் பற்றிய பாடம் அறிவை மாற்றும். அருகில் உட்கார்ந்து பேசும் மனிதர்தான் மனத்தை மாற்றுவார்.

தமிழ்நாட்டின் முன்னோடிகள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையை நடத்தினார். சங்கிலியும் சுவரும் நிறைந்த இடத்தில் புறநோயாளிப் பிரிவையும் தொழிற்பயிற்சியையும் வளர்த்தார். ஓய்வுக்குப் பின் 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 2021 டிசம்பரில், 98 வயதில் மறையும்வரை அவர் வலியுறுத்தியது மறுவாழ்வு. நோய் தணிந்தவருக்குக் கையில் ஒரு வேலையும் மாதக் கடைசியில் ஒரு சம்பளமும் வேண்டும். அப்போதுதான் வீடும் அவரை மதிக்கும். 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய பேன்யன் அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. நீண்ட காலம் மனநல நிலையங்களில் கிடந்தவர்களை, சாதாரணத் தெருவில் வாடகைக்கு எடுத்த வீடுகளில் நாலைந்து பேராகக் குடிவைத்தது. வாசல் பெருக்கிக் கோலம் போட்டு, பால் வாங்கி, எதிர்வீட்டுக் குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கும் பெண்ணைப் பற்றித் தெரு என்ன பயத்தை எத்தனை நாளைக்கு வைத்திருக்க முடியும்?

பழக்கம் தொடர வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பாடம் இருக்கிறது. மைண்ட், ரீதிங்க் என்ற இரண்டு தொண்டு அமைப்புகள் 2007 முதல் 'டைம் டு சேஞ்ச்' என்ற களங்க ஒழிப்பு இயக்கத்தை நடத்தின. மக்களின் மனப்போக்கு ஆண்டுக்காண்டு மேம்பட்டது. நிதி நின்றது, 2021இல் இயக்கம் மூடப்பட்டது. மனநோயுடன் வாழ்பவரோடு பழகும் விருப்பம் மறுபடி சரிந்ததைப் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. களங்கம் களைபோல. ஒருமுறை பிடுங்கியதோடு தோட்டக்காரரை அனுப்பிவிட்டால் மீண்டும் மண்டும்.

ஏர்வாடி தந்த எச்சரிக்கை

தொண்டு என்ற பெயர் இருந்தாலே போதும் என்று இதற்குப் பொருளில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். நம்பிக்கையோடு அங்குள்ள தர்காவுக்கு அழைத்துவந்து, வேறு வழி தெரியாமல் மாதாமாதம் பணம் கட்டி விட்டுப்போன குடும்பங்கள் அவர்களுடையவை. பணம் கொடுத்தார்கள், கேள்வி கேட்கவில்லை. களங்கம்தான் அந்தக் கொட்டகையை அத்தனை காலம் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருந்தது.

எனவே ஓர் அமைப்புக்கு உதவும் முன் சில கேள்விகளைக் கேட்பது அவமதிப்பு ஆகாது, அக்கறை. மனநலச் சட்டத்தின்படி பதிவு இருக்கிறதா? மனநல மருத்துவர் வந்துபோகிறாரா? கதவுகள் பார்வையாளருக்குத் திறந்திருக்கின்றனவா? தணிக்கை செய்த கணக்கைக் காட்டுவார்களா? எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? நோயிலிருந்து மீண்டவர் யாராவது அந்த அமைப்பை நடத்தும் இடத்தில் இருக்கிறாரா? நேர்மையான அமைப்பு இக்கேள்விகளை வரவேற்கும்.

புதுச்சேரி என்ன செய்யலாம்

நம் ஊரில் கொடைக்குக் குறைவில்லை. பிறந்தநாளுக்கும் திதிக்கும் இல்லங்களுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடுவது நம் வழக்கம். அது நல்ல வழக்கம், தொடரட்டும். ஆனால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? வேனில் பாத்திரங்கள் இறங்குகின்றன. ஒரு புகைப்படம். இலை போடும் முன்பே குடும்பம் கிளம்பிவிடுகிறது. தமிழ்ச் சமூகம் சாதிக் களங்கத்தோடு மோதியபோது கையில் எடுத்த எளிய கருவி சமபந்தி. ஒரே வரிசையில் இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து உண்பது. லான்செட் ஆணையம் 2022இல் சொன்னதற்கும் சமபந்திக்கும் உள்ள உறவு நெருக்கமானது. அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு மனநல இல்லத்துக்குச் சாப்பாடு போடுகிறவர்கள், குழந்தைகளோடு அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரட்டும். கூடுதல் செலவு ஒரு மணி நேரம்.

பணத்தைத் தரும் முறையும் மாற வேண்டும். கட்டடத்துக்கும் கட்டிலுக்கும் பெயர்ப்பலகை வைக்கலாம் என்பதால் அவற்றுக்கு நன்கொடை வருகிறது. தொலைபேசியில் ஒருவரைக் கேட்டுக்கொண்டிருந்த இரவுக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது. ஆனால் தன்னார்வலர் பயிற்சி, தொலைபேசிக் கட்டணம், அறை வாடகை, சமூகப் பணியாளரின் சம்பளம் ஆகியவைதான் இந்த அமைப்புகளின் உயிர்நாடி. ஆண்டுக்கொருமுறை தரும் பெருந்தொகையைவிட மாதாமாதம் தவறாமல் வரும் ஐந்நூறு ரூபாய் ஓர் அமைப்புக்கு அதிகத் தெம்பு தரும். அடுத்த மாதச் சம்பளத்தை அதை நம்பித்தான் உறுதிசெய்ய முடியும்.

வேலை தருவது இன்னும் பெரிய கொடை. நேரு வீதியின் கடைகளும் வெள்ளை நகரத்தின் விடுதிகளும் சேதராப்பட்டின் தொழிற்கூடங்களும் ஆளுக்கொருவருக்கு இடம் கொடுத்தால் போதும். மாத்திரை சாப்பிடுவதால் காலையில் சற்றுத் தாமதமாக எழும் ஒருவருக்குப் பத்து மணி வேலை நேரம் தருவது பெரிய சலுகை இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் மாற்றுத்திறன் வகைகளுள் சேர்த்திருக்கிறது என்பதை முதலாளிகள் அறிய வேண்டும்.

பள்ளி, கல்லூரிகள் மனநல நாளான அக்டோபர் 10 அன்று ஒரு சொற்பொழிவோடு நின்றுவிடாமல், மீண்டு வந்தவர்களை அழைத்து மாணவர்களோடு உரையாட விடலாம். பேச முன்வருகிறவருக்கு அதற்கான மதிப்பூதியமும், பேச விரும்பாதவருக்கு மறுக்கும் உரிமையும் வேண்டும். செய்தியாசிரியர்கள் 'வயிற்றுவலி'யைக் கைவிட்டு, தற்கொலைச் செய்தியில் வழிமுறையை விவரிப்பதைத் தவிர்த்து, உதவி எண்ணைச் சேர்க்கலாம். 2022 நவம்பரில் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030க்குள் தற்கொலை மரணங்களைப் பத்து விழுக்காடு குறைக்க இலக்கு வைத்திருக்கிறது. புதுச்சேரி அரசு அந்த இலக்கைத் தொண்டு அமைப்புகளோடு சேர்ந்து எட்ட வேண்டும். இந்த அமைப்புகளைக் கூட்டத்துக்கு அழைத்தால் மட்டும் போதாது; நிதிநிலை அறிக்கையில் அவற்றுக்கு ஒரு வரி இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நம் ஒவ்வொருவராலும் ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை இன்றே உங்கள் கைபேசியில் பதிந்துவையுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ வேலையிடத்திலோ சில வாரங்களாகப் பேச்சுக் குறைந்து, தூக்கம் கெட்டு, முகம் வாடி நடமாடும் ஒருவர் இருந்தால், அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அறிவுரை வேண்டாம். 'மனசு எப்படி இருக்கு?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எழுந்துபோகாமல் இருங்கள்.